முதலில் ஊகம், பிறகு திரை: வகுப்பறைத் தொழில்நுட்பத்தால் கணிதத் திறனை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1/2 + 1/3 எவ்வளவு என்று ஒரு வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே கூட்டினார்கள், கீழே உள்ளதைக் கீழே கூட்டினார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் பின்னக் கூட்டலை விளக்கும் அசைபடம் ஒன்றை ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டியிருந்தேன். வண்ணத் துண்டுகள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று பொருந்தின. பிள்ளைகள் கை தட்டினார்கள். பாடம் புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. எந்தத் துண்டை எத்தனையாக வெட்டுவது, எதை எதோடு சேர்ப்பது என்ற முடிவுகளையெல்லாம் அந்தப் படமே எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து ஒரு விதியை விடாமல் கடைப்பிடிக்கிறேன்: பிள்ளை தன் ஊகத்தை நோட்டில் எழுதும்வரை திரையில் எதுவும் அசையக்கூடாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் இருக்கிறது.

படி 1: கருவியைத் தேடும் முன் தவறைத் தேடுங்கள்

“எந்த ஆப் நல்லது?” என்று ஆசிரியர்கள் கேட்கும்போது, உங்கள் பிள்ளைகள் எங்கே, எப்படித் தவறுகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். “பின்னம் வரவில்லை” என்ற பதில் போதாது. 0.5-ஐவிட 0.35 பெரியது என்று ஒரு பிள்ளை சொல்கிறது, ஏனென்றால் 5-ஐவிட 35 பெரியது. 1/3-ஐவிட 1/4 பெரியது என்று இன்னொரு பிள்ளை சொல்கிறது, ஏனென்றால் 3-ஐவிட 4 பெரியது. பார்க்க இரண்டு தவறுகள், வேர் ஒன்றுதான். முழு எண்களுக்குப் பழகிய கண் தசமத்தையும் பின்னத்தையும் அதே பழக்கத்தில் பார்க்கிறது. இது தெரிந்துவிட்டால், இருவருக்கும் வேண்டியது எண்கோடு என்பதும் தெரிந்துவிடும்.

தவறைக் கண்டுபிடிக்க நான்கு விடைகள் கொண்ட ஒரே ஒரு கேள்வி போதும். ஆனால் தவறான விடைகளைக் கவனமாக எழுத வேண்டும். மேலே சொன்ன கணக்குக்கு நான் கொடுக்கும் விடைகள் இவை: 5/6, 2/5, 2/6, 1/5. 2/5-ஐத் தேர்ந்தெடுத்தவர் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார். 2/6-ஐத் தேர்ந்தெடுத்தவருக்குப் பொதுப் பகுதி 6 என்பது தெரிகிறது, தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். 1/5 என்றவர் பகுதிகளை மட்டும் கூட்டிவிட்டு மேலே இருந்த 1-ஐ அப்படியே வைத்துவிட்டார். ஆக, ஒவ்வொரு தவறான விடையும் ஒரு நோயின் பெயர் மாதிரி. ஏனோதானோ என்று 7/8, 3/10 என்று எழுதி வைத்தால், யார் தவறினார்கள் என்று மட்டும்தான் தெரியும். ஏன் தவறினார்கள் என்று தெரியாது.

விடைகளைச் சேகரிக்க எல்லோரிடமும் கருவி இருக்க வேண்டியதில்லை. பிளிக்கர்ஸ் என்ற முறையில் மாணவர்களிடம் அச்சிட்ட காகித அட்டை மட்டும்தான் இருக்கும். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று பட்டியல் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரின் அட்டையைப் பார்த்து விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் முடியாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இதில் தயங்காமல் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கை தூக்கச் சொன்னால் அவர்கள் எப்போதும் பெரும்பான்மையோடுதான் தூக்குவார்கள்.

படி 2: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரே ஒரு கணினியும் ப்ரொஜெக்டரும் இருக்கிறதா? இந்த வழிகாட்டியில் உள்ளவற்றில் பெரும்பகுதியை அதை வைத்தே செய்துவிடலாம். நான்கைந்து டேப்லட் இருந்தால் மூன்று பேருக்கு ஒன்று என்று குழு பிரியுங்கள். ஒருவர் தொடட்டும், ஒருவர் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். ஆளுக்கொரு கருவி இருந்தால்தான் உண்மையில் அதிகக் கவனம் தேவை. பேச்சு நின்றுபோகும், பேச்சு நின்றால் கணிதமும் பாதி நின்றுபோகும்.

இணையம் எந்த நேரமும் போகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வடிவியல் மென்பொருளான ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஃபெட் என்ற தளத்தின் உருவகப்படங்களை, அதாவது பிள்ளைகள் தாங்களே இயக்கிப் பார்க்கும் திரைப் படங்களை, தனித்தனிக் கோப்பாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

படி 3: தவறுக்குப் பொருந்தும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

பத்து கருவிகளை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட இரண்டை நன்றாகப் பழகுவது நல்லது. ஒவ்வொரு புதுக் கருவியும் பிள்ளைகளின் முதல் வகுப்பைத் தின்றுவிடும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

எண், பின்னம், பரப்பளவு மாதிரிகளுக்கு ஃபெட் நல்லது. இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. முதலில் இயற்பியலுக்காக வந்தது, இப்போது கணிதத்துக்கும் நிறைய இருக்கிறது, இலவசம். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலை ஆய்வாகத் தொடங்கியது. வரைபடங்களுக்கு, அதாவது நேர்க்கோடு, பரவளையம் போன்றவற்றுக்கு, டெஸ்மாஸ் கையாள எளிது. சமன்பாட்டில் ஒரு எழுத்தை வைத்தால், அதன் மதிப்பை இழுத்து மாற்ற ஒரு ஸ்லைடரைத் தானே தந்துவிடும். புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் எக்செல் போன்ற விரிதாளே தாராளம்.

படி 4: ஊகி, எழுது, பிறகு அழுத்து

இதுதான் மையம். அதே பின்னப் பாடத்தை இப்போது நான் எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன்.

திரை அணைந்திருக்கிறது. “1/2 + 1/3. விடை 1/2-ஐவிடப் பெரியதாக இருக்குமா, சிறியதாக இருக்குமா? கணக்குப் போட வேண்டாம், ஒரு வார்த்தையில் எழுதுங்கள்.” எல்லோரும் “பெரியது” என்று எழுதுகிறார்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம், அது பெரியதாகத்தானே இருக்க வேண்டும். சரி. இப்போது கணக்கைப் போடச் சொல்கிறேன். எதிர்பார்த்தபடியே நிறைய நோட்டுகளில் 2/5 வருகிறது. அதை நான் தவறு என்று சொல்வதில்லை. 0-வுக்கும் 1-க்கும் இடையே ஒரு கோடு போட்டு, தங்கள் விடை எங்கே இருக்கும் என்று நோட்டிலேயே குறிக்கச் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் திரை. எண்கோட்டில் 1/2-ஐ வைக்கிறேன். பிறகு 2/5-ஐ வைக்கிறேன். அது 1/2-க்கு இடப்பக்கம் போய் உட்காருகிறது. வகுப்பு ஒரு கணம் அமைதியாகிறது. பிறகு யாராவது ஒருவர் கேட்டே விடுவார்: “டீச்சர், கூட்டினா குறையுமா?”

இந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வருவதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது ஒரு விதியாகப் போயிருக்கும். இப்போது அது அவர்களுடைய பிரச்சினை. தாங்களே எழுதிய “பெரியது” என்ற வார்த்தையும் தாங்களே எழுதிய 2/5-உம் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

அப்புறம் செவ்வகம். நோட்டில் ஒரு செவ்வகம் வரைந்து, பாதியையும் மூன்றில் ஒன்றையும் எண்ணிக் காட்டும்படி அதைச் சமமாக எத்தனை கட்டங்களாகப் பிரிக்கலாம் என்று கேட்கிறேன். நிறையப் பேர் தாங்களாகவே நெடுக்கில் 2, குறுக்கில் 3 என்று 6 கட்டங்களுக்கு வந்துவிடுவார்கள். பாதி என்றால் 3 கட்டம், மூன்றில் ஒன்று என்றால் 2 கட்டம், சேர்த்தால் 5 கட்டம். இதை அவர்கள் வரைந்த பிறகே ஃபெட்டில் அதே மாதிரியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க விடுகிறேன். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி திரை அணைந்திருக்கும். ஐந்து கணக்குகள், காகிதத்தில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “விடை 1-ஐவிடப் பெரியதா, சிறியதா” என்ற ஊகம் கட்டாயம்.

கவனித்தீர்களா? நாற்பது நிமிட வகுப்பில் திரை ஓடியது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். எனக்கு அதுவே போதுமான அளவாகத் தெரிகிறது.

படி 5: அதே முறையை மற்ற பகுதிகளுக்கு விரியுங்கள்

வடிவியலில் நான் மிகவும் விரும்பும் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஜியோஜீப்ராவில் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் நான்கு புள்ளிகளைக் கண்ணளவில் வைத்து இணைத்துவிடுவார்கள், பார்க்கச் சதுரம் போலவே இருக்கும். இப்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். சதுரம் கோணிப்போகும். “இழுத்தாலும் சதுரமாகவே இருக்கும்படி அமைக்க முடியுமா?” என்பது அடுத்த சவால். அதற்குச் செங்குத்துக் கோடும் வட்டமும் தேவைப்படும். பக்கங்கள் சமம், கோணங்கள் 90 பாகை என்ற வரையறை அப்போதுதான் பிள்ளைக்கு வேலைக்கு உதவும் பொருளாகிறது. வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்துக்கும் இதே வழிதான். அது முக்கோணத்துக்கு உள்ளேயேதான் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். நிறையப் பேர் ஆம் என்பார்கள். பிறகு முனையை இழுக்கட்டும். குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே, செங்கோண முக்கோணத்தில் சரியாகக் கர்ணத்தின் நடுப்புள்ளியில், விரிகோண முக்கோணத்தில் வெளியே.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோணங்களை முழு எண்ணாகக் காட்டும்படி வைத்திருந்தால், 45.4, 67.4, 67.2 என்ற மூன்று கோணங்கள் 45, 67, 67 என்று தெரியும். கூட்டினால் 179. “மூன்று கோணமும் 180 இல்லையே!” என்று பிள்ளைகள் கூவுவார்கள். மறைக்காதீர்கள், முழுதாக்கல் பற்றிப் பேச அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். ஆயிரம் முறை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. அடிப்பக்கத்துக்கு இணையாக உச்சி வழியே ஒரு கோடு போட்டுக் காரணம் சொன்னால்தான் நிரூபணம்.

அடுத்தது ஆமை. சிறுவர்களுக்கான லோகோ என்ற நிரல்மொழி 1967-இல் வந்தது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்ட்ஸைக் ஆகியோர் உருவாக்கியது. “முன்னே போ, திரும்பு” என்ற கட்டளைகளுக்கு ஆமை நகர்ந்து கோடு போடும். இன்று பைதான் மொழியிலேயே அந்த ஆமை இருக்கிறது. ஸ்க்ராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியில் பேனா நீட்டிப்பைச் சேர்த்தால் அதே வேலை நடக்கும்.

சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். “100 முன்னே போ, 60 பாகை திரும்பு, இதை 3 முறை செய்” என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் எழுதுவார்கள், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருக்கிறார்கள். ஓடவிட்டால் மூடாத ஒரு வடிவம் வரும்; அது அறுங்கோணத்தின் பாதி. இந்த இடத்தில் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். ஒரு பிள்ளையை எழுப்பி வகுப்பறைத் தரையில் முக்கோணமாக நடக்கச் சொல்லுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும். அது 60 இல்லை, 120. முழுச் சுற்று முடித்து, தொடங்கிய திசையையே பார்க்கும்போது மொத்தம் 360 பாகை திரும்பியாயிற்று. மூன்று மூலைக்கும் பிரித்தால் 120. வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்ற வாய்பாடு இப்போது காலில் இருக்கிறது. விரைந்து முடித்துவிடும் பிள்ளைகளிடம் ஐந்து முனை நட்சத்திரத்தைக் கொடுங்கள். அதில் ஆமை இரண்டு முழுச் சுற்று திரும்புகிறது, எனவே 720-ஐ 5-ஆல் வகுத்தால் 144. சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நிகழ்தகவுக்கு முதலில் உண்மையான பகடைகள். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையைக் குறிக்க வேண்டும், ஒவ்வொரு குழுவும் 30 முறை. எது அதிகம் வரும் என்று முன்பே எழுதி வைக்கட்டும். 36 வாய்ப்புகளில் 6 வழிகளில் 7 வருகிறது என்றாலும், 30 உருட்டலில் சில குழுக்களுக்கு 6 முந்தும், சிலருக்கு 8 முந்தும். இந்தக் குழப்பம் வேண்டும். பிறகு விரிதாளில், இரண்டு எண்களுக்கிடையே ஏதாவது ஒரு முழு எண்ணைத் தரும் ராண்ட்பிட்வீன் சூத்திரத்தால் இரண்டு பகடைகளை 1000 வரிசைகளுக்கு நிரப்பி, பட்டை வரைபடம் போடுங்கள். 7-இன் எண்ணிக்கை 167-ஐ ஒட்டி, பெரும்பாலும் 145-க்கும் 190-க்கும் இடையில் இருக்கும். எக்செலில் எஃப்9 விசையை அழுத்தும்போதெல்லாம் மொத்தப் பட்டியலும் புதிதாக மாறும், ஆனால் வரைபடத்தின் மலை வடிவம் மாறாது. 30-இல் ஆடியது 1000-இல் ஏன் நிலைக்கிறது என்று அவர்களே விளக்கட்டும்.

படி 6: பயிற்சியைச் சிறிதாக, இடைவெளி விட்டு, கலந்து கொடுங்கள்

கான் அகாடமி போன்ற பயிற்சித் தளங்களின் பெரிய பலம், விடை சரியா தவறா என்று உடனே சொல்வதுதான். நாற்பது நோட்டை நாம் திருத்தித் தருவதற்குள் பிள்ளை அந்தக் கணக்கையே மறந்துவிடும். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உடனே தெரிந்துவிடும் என்பதால் பிள்ளைகள் யோசிக்காமல் ஒவ்வொரு விடையாக அழுத்திப் பார்க்கத் தொடங்குவார்கள். எனவே ஒரு நிபந்தனை வையுங்கள்: வழிமுறை நோட்டில் இருந்தால்தான் திரையில் கிடைத்த மதிப்பெண் செல்லும்.

ஒரே நாளில் 40 கணக்கு வேண்டாம். பத்துப் பத்தாக நான்கு நாளில், நாள்களுக்கிடையே இடைவெளியோடு. மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் மீதே சோதித்து 1885-லேயே எழுதினார். இடைவெளி விட்டுப் படிப்பது பலன் தரும் என்பதையும் அவரே கண்டார். கணக்குகளைக் கலந்தும் கொடுங்கள். சதவீதம் மட்டுமே இருக்கும் தாளில் எது சதவீதக் கணக்கு என்று கண்டுபிடிக்கும் வேலையே இல்லை. தேர்வில் பிள்ளை தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

நேரம் ஓடும் பெருக்கல் வாய்ப்பாட்டுப் போட்டிகள் எல்லோருக்கும் ஒத்துவராது. தெரிந்த பிள்ளைக்கு அது விளையாட்டு, தடுமாறும் பிள்ளைக்கு அவமானம். தரவரிசைப் பட்டியலை அணைத்துவிட்டு, நேற்றைய தன்னோடு மட்டும் போட்டியிட விடுங்கள்.

படி 7: விடை தரும் கருவிகளை வெளிப்படையாக எதிர்கொள்ளுங்கள்

கால்குலேட்டர், படம் எடுத்தால் தீர்வு தரும் ஆப், செயற்கை நுண்ணறிவு உரையாடி எல்லாமே பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தடை போட்டு ஜெயிக்க முடியாது. கேள்வியை மாற்றலாம்.

6 + 4 × 5 என்பதை எளிய கால்குலேட்டரில் போட்டால் பலவற்றில் 50 வரும், அறிவியல் கால்குலேட்டரில் 26 வரும். எது சரி, மற்றது ஏன் அப்படிச் சொன்னது? இதை விளக்கிவிட்ட பிள்ளை செயல்களின் வரிசையை மறக்காது. 48 × 21-ஐ அழுத்தும் முன் “சுமார் 1000” என்று எழுதிய பிள்ளை, புள்ளி ஒன்றைத் தவறாகத் தட்டி 100.8 வந்தால் உடனே நிமிர்ந்து பார்க்கும். எழுதாத பிள்ளை 100.8-ஐ அப்படியே எழுதிவிட்டுப் போய்விடும்.

தீர்வு தரும் ஆப்பின் விடையை நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள். “மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தது? ஒரு வரியில் எழுதுக.” இல்லையென்றால் நடுவில் ஒரு தவறைப் புகுத்திக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தவறான விடையையும் அதே உறுதியான குரலில் சொல்லக்கூடியவை. பதிலீடு செய்து சரிபார்க்கும் பழக்கத்துக்கு அதையே காரணமாகக் காட்டலாம்.

சில சின்ன விஷயங்கள். சிவப்பும் பச்சையும் வேறுபடுத்த முடியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம், எனவே வரைபடத்தில் ஒரு கோட்டைப் புள்ளிக் கோடாக வையுங்கள். வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு வீட்டுப்பாடம் எப்போதும் காகிதத்திலும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். தளங்களில் முழுப் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் பதியுங்கள்.

படி 8: மூன்று வாரம் கழித்துக் காகிதத்தில் பாருங்கள்

பாடம் முடிந்த அன்றே தேர்வு வைத்தால் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள், அதை நம்ப வேண்டாம். மூன்று வாரம் போகட்டும். வேறு எண்களில் அதே தவறுக்கு இடம் தரும் ஒரு கேள்வியை, திரை இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் கொடுங்கள். நான் கொடுப்பது 1/4 + 1/5. விடைகள்: 9/20, 2/9, 2/20, 1/9. முதல் நாள் எண்ணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவி உதவியதா என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை அசையவே இல்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பெரும்பாலும் மூன்று நான்கு பேர் மறுபடியும் 2/9 என்பார்கள். அவர்களுக்கு இன்னொரு ஆப் தேடி நான் போவதில்லை. ஒரே நீளத்தில் வெட்டிய காகிதப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒன்றை நான்காகவும் மற்றொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்லி, கால் பாகத்தைவிட 2/9 எவ்வளவு பெரியது என்று கேட்பேன். 1/4 என்றால் 2/8, அதைவிட 2/9 சிறியது என்று அவர்களில் ஒருவர் சொல்லும்வரை காத்திருப்பேன்.